தொப்பைக் கொழுப்பும் சர்க்கரை நோயும்
கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க



"கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு பூசினாப்பல இருக்கே!" என்று யாராவது சொன்னால் நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, மனதில் கவலையில்லை என்று அதற்குப் பொருள். ஒருவேளைக் கஞ்சிக்கே கஷ்டப்பட்ட தலைமுறை சொல்லிக் கொடுத்த கணக்கு அது. அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பூசின சதை உடம்பில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கையும் காலும் மெலிந்தபடியே இருக்க, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அது சந்தோஷப்படுகிற சங்கதி அல்ல.

சர்க்கரை நோய் பட்டணத்து வியாதி, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் வியாதி என்ற பேச்சும் பழையதாகி விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லா மாநிலங்களிலும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அவர்களில் கிராமத்து மக்களும் ஏராளம். இந்த நோய்க்கும் தொப்பைக்கும், தொப்பைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இருக்கிற சம்பந்தத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

இன்சுலின் கதவைத் தட்டுகிறது

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, கிழங்கு எல்லாம் செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிறது. ரத்தத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது. தசைக்குள் போனால்தான் அது வேலைக்கு உதவும். உள்ளே போக ஒரு கட்டளை வேண்டும். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு சுரக்கும் இன்சுலின்தான் அந்தக் கட்டளை. 1921-ல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

இன்சுலின் தசையின் கதவைத் தட்டி, "சர்க்கரை வந்திருக்கு, உள்ளே எடுத்துக்கோ" என்கிறது. கல்லீரலிடம் போய், "சாப்பாடு வந்தாச்சு, நீ இருப்பிலே இருக்கறதை வெளியே விடாதே" என்கிறது. இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டால் ரத்தத்தில் சர்க்கரை அளவோடு நிற்கும்.

சிலருக்குத் தட்டினாலும் கதவு திறப்பதில்லை. இதைத்தான் டாக்டர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் உடனே தோற்றுப் போவதில்லை. ஒரு தட்டுக்குத் திறக்காத கதவை மூன்று தட்டு தட்டித் திறக்கிற மாதிரி, அது கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. இப்படிப் பல வருஷம் ஓடும். அந்த வருஷங்களில் ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை சரியாகவே இருக்கும். நமக்கும் ஒன்றும் தெரியாது. கணையம் களைத்துப் போகிற நாளில்தான் சர்க்கரை ஏறுகிறது. "போன மாசம்தாங்க சர்க்கரை வந்துச்சு" என்று சொல்கிறோம். உள்ளே அது வரத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கலாம்.

வெளியே தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள். செயினால் வந்தது என்பார்கள். பலருக்கு அது ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து கிடப்பதன் அடையாளம். தேய்த்துப் பயனில்லை, ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கொழுப்பு வாய் பேசாத மூட்டை அல்ல

கதவு ஏன் திறக்கவில்லை? இங்கேதான் கொழுப்பு வருகிறது.

கொழுப்பு என்றால் மிஞ்சிய சாப்பாட்டைப் போட்டு வைக்கிற நெற்குதிர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். குதிர் சும்மா நிற்கும்; போட்டால் வாங்கிக்கொள்ளும், எடுத்தால் கொடுக்கும். ஆனால் உடம்பில் இருக்கிற குதிர் பேசுகிற குதிர். தைராய்டு சுரப்பி போல, சினைப்பை போல, கொழுப்பும் ரத்தத்தில் ஹார்மோன்களைச் சுரந்து மூளைக்கும் கல்லீரலுக்கும் தசைக்கும் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இது தெரிய வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949-ல் ஒரு வகை எலிகளைக் கண்டார்கள். ஓயாமல் தின்று, உருண்டையாகப் பெருத்த எலிகள். அவற்றுக்கு எது குறை என்று கண்டுபிடிக்க 1994 வரை ஆயிற்று. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் குறையைக் கண்டார்கள்: கொழுப்பே சுரக்கிற ஒரு ஹார்மோன் அந்த எலிகளிடம் இல்லை. அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். "குதிர்லே நெல்லு இருக்கு, போதும் சாப்பிட்டது" என்று மூளைக்குச் சொல்வதுதான் லெப்டினின் வேலை.

பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் இங்கிலாந்தில் எழுதினார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிள்ளைகள். லெப்டின் ஊசி போட்ட பிறகு அந்த வகைக் குழந்தைகளுக்குப் பசி அடங்கி எடையும் இறங்கியது.

"அப்படின்னா அந்த ஊசியை எல்லாருக்கும் போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தார்கள், எடை பெரிதாகக் குறையவில்லை. காரணம், பருத்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் லெப்டின் குறைவில்லை, அதிகமாகவே இருக்கிறது. இரைச்சல் மிகுந்த ஊரில் யார் கத்தினாலும் காதில் விழாதது போல, மூளை அந்தச் சேதியைக் கேட்பதில்லை.

கொழுப்பு சுரக்கிற இன்னொரு ஹார்மோன் அடிப்போனெக்டின். இது நல்ல பிள்ளை. தசைக்கும் கல்லீரலுக்கும் இன்சுலின் பேச்சைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பது இதுதான். கொழுப்பு கூடினால் இதுவும் கூட வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. தொப்பை பெருக்கப் பெருக்க அடிப்போனெக்டின் குறைகிறது.

மூன்றாவது சங்கதி அழற்சி. காயம் பட்டால் சிவந்து வீங்குகிறதே, அந்த வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களைப் பருத்த கொழுப்பும் சுரக்கிறது என்று 1993-ல் எலிகளில் கண்டார்கள். அளவுக்கு மேல் வீங்கிய கொழுப்பணுக்களைச் சுற்றி, நோய்க் கிருமியோடு சண்டை போட வேண்டிய அணுக்கள் வந்து கூடுகின்றன என்பது 2003-ல் தெரிந்தது. கிருமி இல்லாத இடத்தில் சண்டை! வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் அங்கிருந்து கசிகிற பொருள்கள் தசைக்கும் கல்லீரலுக்கும் போய் இன்சுலின் தட்டுகிற சத்தத்தை அமுக்கி விடுகின்றன.

ஆக, நல்ல சேதி குறைந்து, கெட்ட சேதி கூடி, "போதும்" என்ற சேதி காதில் விழாமல் போவதுதான் தொப்பைக்காரர் உடம்பின் நிலைமை. அந்த ஆளை "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று ஏசுவது சுலபம். அவர் பசியிலேயே கோளாறு இருக்கிறது என்பது ஏசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தொடைக் கொழுப்பு வேறு, வயிற்றுக் கொழுப்பு வேறு

தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் சேருகிற கொழுப்பு அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. அது ஒழுங்கான குதிர். அந்தக் குதிர் நிறைந்த பிறகு வருகிற நெல்லை எங்கே கொட்டுவது? திண்ணையிலும் அடுப்படியிலும் கொட்டுகிற மாதிரி, உடம்பு அதைக் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தசைக்குள்ளும் கொட்டுகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. வாய்க்கால் வெட்டின மாதிரி. அங்கே கசிவதெல்லாம் முதலில் கல்லீரலைத்தான் நனைக்கும்.

இதற்குச் சாட்சியாக இரண்டு செய்திகள். 2004-ல் அமெரிக்காவில் 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்கு ஏறக்குறைய 10 கிலோ. சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை கொஞ்சமும் திருந்தவில்லை. உள்ளே இருந்த கொழுப்பும், தசையில் கொட்டிக் கிடந்ததும் அப்படியே இருந்தன. தொப்பையைக் கரைப்பதாக விளம்பரம் செய்கிற பெல்ட், தைலம், பவுடர் எல்லாவற்றையும் இந்தச் செய்தியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். காசு உங்களுடையது.

மற்றது, பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு இல்லாத அபூர்வ நோயாளிகள். பார்க்க எலும்பும் நரம்புமாக இருப்பார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கடுமையாக ஏறும். குதிரே இல்லாத வீட்டில் நெல் முழுவதும் அடுப்படியில்தானே கிடக்கும்?

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்று இருக்கிற நம் ஆட்கள் கேட்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் என்பவரும் லண்டன் டாக்டர் யுட்கின் என்பவரும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21 சதவீதம்! தசை குறைவாக, கொழுப்பு மறைவாக இருக்கிற உடம்புவாகு நம்முடையது. அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள்.

தையற்காரர் டேப் போதும். சட்டை, புடவைக்கு மேலே வேண்டாம். வெறும் வயிற்றில் சுற்றுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப் வர வேண்டும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், சுமார் 31½ அங்குலம். இதைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. வேட்டியும் கைலியும் கட்டுகிற ஆண்களுக்குத் தொப்பை வளர்வது தெரிவதே இல்லை. கூட ஒரு மடிப்பு தளர்த்திக் கட்டினால் ஆயிற்று. ஆகவே மனைவி கணவனுக்கு அளக்கட்டும், கணவன் மனைவிக்கு அளக்கட்டும்.

குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்றால் நம் ஊரில் எல்லாக் கண்ணும் மருமகள் பக்கம் திரும்புகிறது. அவளுக்கு மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகிறது. மோவாயில் ரோமம் தெரிகிறது. முகப்பரு, கழுத்துக் கறுப்பு. கோயிலுக்கும் மந்திரிக்கவும் அழைத்துப் போகிறார்கள். உள்ளே நடப்பது பல பேருக்கு இதுதான்: தசையும் கல்லீரலும் பேச்சைக் கேட்காததால் கணையம் இன்சுலினைக் கொட்டுகிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைப் போய்த் தூண்டுகிறது. சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருவதுண்டு. பருத்தவர்களுக்கு வேகம் அதிகம்.

நல்ல செய்தி என்னவென்றால், எடை கூடியவர்களுக்கு இருக்கிற எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்து விடுகிறது. 70 கிலோ எடை இருந்தால் மூன்றரை முதல் ஏழு கிலோ. ஆனால் பட்டினி கிடந்து எலும்பாகி விடவும் கூடாது. கொழுப்பு அறவே வற்றினால் லெப்டினும் வற்றி, "குதிர் காலி, இப்போ பிள்ளை வேண்டாம்" என்று மூளை மாதவிலக்கையே நிறுத்தி விடும்.

கணவன்மாரே, இது மனைவிக்கு மட்டும் படிக்கிற பாடம் அல்ல. தொப்பைக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிற வேலையையும் செய்கிறது. தொப்பை பெருத்த ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவதும், விந்தணு குறைவதும் உண்டு. "அவளைக் காட்டிக்கிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் நீங்களும் ஒரு தடவை வந்து காட்டுங்கள். விந்துப் பரிசோதனை மிகச் சுலபமானது. அதைச் செய்யாமல் மனைவியை வருஷக்கணக்கில் அலைய விடுவது நியாயமாகாது.

இன்னொரு பேச்சையும் இங்கே தீர்த்து விடலாம். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதிலேருந்துதான் வயிறு போட்டுடுச்சு" என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சினைப்பை வழக்கம்போல் வேலை செய்கிறது; ஹார்மோன் ஒன்றும் மாறுவதில்லை. இரண்டு மூன்று பிரசவமாகி, வயதும் ஏறுகிற காலத்தில்தான் ஆபரேஷனும் நடக்கிறது. வயிறு அந்தக் காலத்தோடு வருகிறது. பழி ஆபரேஷன் மேல் விழுகிறது.

கர்ப்பமாக இருக்கும்போது

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியும் ஹார்மோன் சுரக்கிறது. தாயின் தசை சர்க்கரையை முழுவதும் இழுத்துக் கொள்ளாமல் குழந்தைக்கும் மிஞ்ச வேண்டும் என்பதற்காக, அந்த ஹார்மோன்கள் இன்சுலினைக் கொஞ்சம் மந்தப்படுத்துகின்றன. இது இயற்கையின் ஏற்பாடு. ஏற்கெனவே வயிற்றுக் கொழுப்பினால் மந்தமாக இருக்கிற உடம்பில் இதுவும் சேரும்போது கணையம் தாங்காமல் சர்க்கரை ஏறுகிறது. அதிகச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், குழந்தை அளவுக்கு மேல் பருக்கிறது. பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆபத்தாகலாம். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு பருமனும் சர்க்கரையும் வர வாய்ப்பு கூடுகிறது. தொப்பையின் கதை இப்படி அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

பரிசோதனை இப்படி: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. முதல் தடவை காட்ட வரும்போதே ஒரு முறை, சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. "ரெண்டு மணி நேரம் யாரு உக்காருறது" என்று எழுந்து போய் விடாதீர்கள். கணவன் கூட வந்தால் நேரம் போவது தெரியாது.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "ரெண்டு உசுருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று சோற்றை இரட்டிக்க வேண்டாம். பருப்பு, முட்டை, கீரை, பால், மீன் இவற்றைக் கூட்டிப் போடுங்கள். அதே சமயம், கர்ப்பத்தில் எடையைக் குறைக்க முயல்வதும் கூடாது. அதைக் கர்ப்பத்துக்கு முன்னோ, பிரசவத்துக்குப் பின்னோ செய்ய வேண்டும்.

கதவைத் திறக்க வழி

ஏற்றம் இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது. உரலும் அம்மியும் போய் மிக்சி வந்தது. வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். இவற்றை விடச் சொல்லவில்லை. இடுப்பொடிய வேலை செய்த தலைமுறைக்கு இவை பெரிய விடுதலை. ஆனால் சோற்றின் அளவு மட்டும் ஏற்றக் காலத்து அளவாகவே நின்று விட்டது.

தசை வேலை செய்யும்போது, இன்சுலின் தட்டாமலே கதவைத் தானாகத் திறந்து சர்க்கரையை உள்ளே வாங்கிக் கொள்கிறது. எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சர்க்கரை வரும் எல்லையில் இருந்த 531 பேரை 3 வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி வேகமாக நடந்து, சாப்பாட்டில் மாவுப் பொருளையும் எண்ணெயையும் இனிப்பையும் குறைக்கச் சொல்லப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவும் இல்லை.

வயலில் நாள் முழுக்க வேலை செய்கிறவருக்குத் தனி நடை தேவையில்லை. கடையில் உட்காருகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், தையல் மெஷினில் உட்காருகிறவர் நடக்கத்தான் வேண்டும். பெண்கள் தனியே நடக்கக் கூச்சப்பட்டால் இருவரும் சாயங்காலம் சேர்ந்து நடக்கலாம். ஊர் இரண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் மறந்து விடும்.

டீயைக் கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ. கரண்டிக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை, ஒரே ஆளுக்கு! தட்டில் சோற்றைக் கால் பங்காக்கி, காய் கீரையைப் பாதியாக்குங்கள். மீதியில் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ இருக்கட்டும். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். கேழ்வரகு, கம்பு நல்லவைதான். ஆனால் "களிதானே" என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் அதுவும் மாவுதான். சாராயம் குடிக்கிறவருக்குத் தொப்பை கரைய வழி சொல்ல எங்களால் ஆகாது.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. மேலே சொன்னதெல்லாம் அதிகம் பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி சோதித்து நோயை உறுதி செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்கள், பிரசவமானதும் சர்க்கரை இறங்கி விட்டது என்று விட்டு விடாதீர்கள். ஆறு வாரம் கழித்து ஒரு முறையும், பிறகு வருஷா வருஷமும் சோதிக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். தாயின் உடம்புக்கும் அது நல்லது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக் கொள்பவர்கள், இதைப் படித்து விட்டு மருந்தை நிறுத்தவோ, சோற்றைத் திடீரென்று பாதியாக்கவோ வேண்டாம். சர்க்கரை அதிகமாக இறங்கி மயக்கம் வரும். நடக்கப் போவதையும் சாப்பாட்டைக் குறைக்கப் போவதையும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.